படம் மட்டும் உள்ள கடிதங்கள்

நெவேனாவின் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய் அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்பே கெட ஆரம்பித்துவிட்டது. எங்கள் கட்டடத்தின் நிலவறையில் மற்ற வீட்டுப் பீப்பாய்கள் எல்லாம் குளிரில் நிதானமாகப் புளித்துக்கொண்டிருக்க, அவளுடையது மட்டும் நுரை தள்ளியது. காரணம் எல்லோருக்கும் தெரியும். பீப்பாய்க்கு நேர் மேலே, இரும்புத் தட்டில், அவள் கணவன் கமெனின் சர்வர், ஊருக்கே மெயில் தருகிற கம்ப்யூட்டர் பெட்டி, ஓயாமல் சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"உன் பெட்டிக்கு ஜுரம் வந்தா என் கோஸுக்கு ஏன் வயிறு கலங்கணும்?" என்பாள் அவள்.

"பீப்பாய நகத்து."

"எங்க நகத்த? அந்தப் பக்கம் பென்காவோட பீப்பாய். இந்தப் பக்கம் ஸோயாவோட உருளைக்கிழங்கு. நீ உன் பெட்டிய நகத்து."

"வயர் எட்டாது."

அந்த உருளைக்கிழங்குக்காரி ஸோயா நான்தான். வீடு நான்காவது மாடியில். வேலை, கட்டடத்துக்கு எதிரே பஸ் நிற்குமிடத்தில் இருக்கும் ரொட்டிக் கடையில். காலை ஐந்தரை மணிக்குக் கடை திறப்பேன். அதனால் எங்கள் ஊர் மலினோவோவில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பது டனூப் நதிக்கும் எனக்கும் மட்டும்தான் முழுதாகத் தெரியும் என்று கமென் கேலி செய்வான்.

எங்கள் ஊரில் தையல் இயந்திரத் தொழிற்சாலையை மூடிய பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போகத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் அசெனும் கமெனும், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த அண்ணன் தம்பி, கட்டடத்துக்குக் கட்டடம் வயர் இழுத்து இணையம் கொண்டுவந்தார்கள். அசென் கூரை மேல். கமென் கீழே, வயர்ச் சுருளோடு. மேலே நின்று அசென் பாடுகிற பாட்டு நதிக்கரை வரை கேட்கும்.

வயர் இழுத்து முடித்ததும் அசென் வீடு வீடாக வந்து, மெயில் பெட்டிக்கு என்ன பெயர் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனான். இரண்டாவது மாடிக் கிழவி பென்கா, "அழகி பென்கான்னு போடு" என்றாள். போட்டுவிட்டான். இன்றைக்கும் அவள் விலாசம் அதுதான். எல்லா விலாசமும் எங்கள் ஊர்ப் பெயரில் முடியும். ஊரில் நூற்று நாற்பது பெட்டி. எங்கள் கட்டடத்தில் முப்பத்தொன்று.

அந்தக் குளிர்காலத்துக்கு ஆறு வருஷம் முன்னால் அசெனும் அவன் மனைவி ரோஸிட்சாவும் ஸ்பெயினில் வலென்சியாவுக்கு ஆரஞ்சுப் பழம் அடுக்கப் போனார்கள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவர்கள் அப்பா இறந்தார். அசெனிடம் அப்போது அங்கே தங்குவதற்கு முறையான காகிதம் இல்லை. வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது. வரவில்லை.

எங்கள் பக்கத்தில் யாராவது இறந்தால் அஞ்சலித்தாள் அச்சடித்து ஒட்டுவோம். மேலே சிலுவை, நடுவில் படம், கீழே "துயரத்தில் ஆழ்ந்திருக்கும்" என்று குடும்பத்தார் பெயர்கள். வீட்டுக் கதவில், கட்டட வாசலில், பஸ் நிற்குமிடத்தில், மரத்தில், கம்பத்தில். நாற்பதாம் நாள் ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. அப்பாவின் தாளைக் கமென்தான் எழுதிக் கொடுத்தான். அதில் மகன், மருமகள் என்று இருந்தது. மகன் என்ற இடத்தில் கமென் பெயர் மட்டும். அசென் பெயர் இல்லை.

யாரோ அதைப் படம் பிடித்து அசெனுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான்கு வருஷம் அண்ணனும் தம்பியும் பேசவில்லை.

புது வருஷத்தில் எங்கள் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரப்போகிறது, இனி யாரும் எங்கேயும் போகலாம் வரலாம் என்று தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருந்த டிசம்பரில், நெவேனா மாமனாரின் பழைய மேஜையில் உட்கார்ந்து அசெனுக்கு ஒரு மெயில் எழுதினாள். ஈஸ்டருக்கு வாங்க, ஆட்டுக்குட்டி சொல்லி வைக்கிறோம், கமென் செய்தது தப்பு, அது அவனுக்கும் தெரியும். இவ்வளவுதான். வலென்சியாவில் அசென் வீட்டருகே போன் பேசவும் மெயில் அனுப்பவும் ஒரு கடை இருக்கிறது. அந்தக் கடை விலாசத்துக்கு அனுப்பினாள். அனுப்புவதற்கு முன் கமெனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள்.

"'அவனுக்கும் தெரியும்'ங்கறத எடுத்துடு" என்றான் கமென்.

"தெரியாதா உனக்கு?"

அவன் நிலவறைக்கு இறங்கிப் போனான். அவள் அந்த வரியை எடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து கமென் விடிந்ததும் நிலவறைக்குப் போய்த் தன் பெட்டியைத் திறந்து பார்ப்பான். பிறகு ரொட்டி வாங்க வருவான்.

"வந்துச்சா?" என்பேன்.

"கைக்கடிகாரம் வந்துச்சு. ஆண்மை மாத்திரை நாப்பத்தாறு பேர் குடுக்கறாங்க. ஆப்பிரிக்காவுல ஒரு விதவை என்னை மட்டும் நம்பறா. அண்ணன் கிட்டேருந்து ஒண்ணும் இல்ல."

போன் செய்து கேட்கவும் வழியில்லை. நவம்பரில் திருடர்கள் செம்புக்காக ஊரின் தொலைபேசிக் கம்பியை இரண்டு கிலோமீட்டர் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனி வசந்தத்தில் போடுவோம் என்றது. இணையம் கூரை ஆன்டெனா வழியாக வந்ததால் அது மட்டும் தப்பியது. கைபேசி வைத்திருந்தவர்கள் யார் எண்ணும் அசெனிடம் இல்லை, அவன் எண் எங்களிடம் இல்லை.

குப்பைக் கடிதங்கள் அந்தக் குளிர்காலத்தில் பெருகிய மாதிரி நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஊரே சேர்ந்து ஒரு நாளைக்கு இருநூறு கடிதம்தான் உண்மையில் பெறும். வந்து விழுந்ததோ பதினோராயிரம். கமென் வார்த்தைகளை வைத்து வடிகட்டிப் பார்த்தான். மாத்திரை என்று இருந்தால் தள்ளு, கடிகாரம் என்று இருந்தால் தள்ளு. அனுப்புகிறவர்கள் அவனைவிடக் கெட்டிக்காரர்கள். வார்த்தைகளையெல்லாம் ஒரு படத்துக்குள் எழுதி, கடிதத்தில் அந்தப் படத்தை மட்டும் வைத்து அனுப்பினார்கள். நம் கண்ணுக்கு எழுத்து தெரியும். இயந்திரத்துக்கு அது வெறும் படம்.

ஜனவரி ஐந்தாம் தேதி கடிதம் சேமிக்கிற இடம் நிரம்பி சர்வர் நின்றுபோனது. மறுநாள் திருக்காட்சித் திருநாள். பாதிரியார் நதியில் சிலுவையை எறிய, வாலிபர்கள் பனித்தண்ணீரில் குதித்து எடுத்தார்கள். கரையில் நின்று விறைத்துப்போன நாங்கள் திரும்பி வந்து நிலவறையில் கூடினோம். நெவேனா பிளம் சாராயத்தைத் தேன் போட்டுச் சூடாக்கிக் கொடுத்தாள். கமென் பீப்பாய் மேல் உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான்.

"ஒரு வழி இருக்கு. எழுத்தே இல்லாம படம் மட்டும் வர்ற கடுதாசி எல்லாத்தையும் பெட்டிக்கு விடாம தனிக் குழியில தள்ளிடறேன். வாரா வாரம் குழியக் காலி பண்ணிடுவேன். பத்துல ஒம்பது குப்பை ஒழிஞ்சுடும். ஆனா உங்க கடுதாசி, உங்களக் கேக்காம செய்ய மாட்டேன்."

"எம் பேரன் படம் அனுப்புவானே?" என்றாள் பென்கா.

"ரெண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லு. பாட்டிக்கு ரெண்டு வரி எழுதக் கூடாதா அவன்?"

"அழகி பென்காவுக்கு நாலு வரி எழுதலாம்" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தோம்.

"ஒரு வார்த்த கூட எழுதாம யாருப்பா படத்த மட்டும் அனுப்பப் போறான்?" என்று கேட்டது நான்தான். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிலவறைக்கு வருகிற வழியில் வாசல் கதவில் ஒட்டியிருந்த ஏழெட்டு அஞ்சலித்தாள்களைத் தாண்டித்தான் நாங்கள் எல்லோரும் உள்ளே வந்திருந்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் கை தூக்கினோம்.

திங்கட்கிழமையிலிருந்து எங்கள் பெட்டிகள் சுத்தமாகிவிட்டன. காலையில் திறந்தால் மூன்று கடிதம், நான்கு கடிதம். ஊரில் கமெனைப் பார்க்கிறவர்களெல்லாம் முதுகில் தட்டினார்கள். அவனும் ஒரு வாரம் நிமிர்ந்து நடந்தான். பிறகு, சுத்தமான பெட்டியில் ஒன்றும் இல்லாமல் இருப்பது அவனுக்கு உறைக்கத் தொடங்கியது. குப்பைக்குள் எங்கேயாவது கிடக்கும் என்று தேடுவதற்கும் இப்போது வழியில்லை.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் ரொட்டியை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.

"மன்னிக்க மாட்டாரு ஸோயா. அவர் எடத்துல நான் இருந்தா நானும் மன்னிக்க மாட்டேன்."

"ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்குல்ல?"

"வரமாட்டேன்னாவது எழுதலாம்ல. ஒரு வரி."

மூடுபனி அன்று கடைக்குள்ளேயே வந்துவிட்டது. அவன் போனதும் கண்ணாடியைத் துடைத்தேன். உடனே மறுபடி மங்கிவிட்டது.

மார்ச் முதல் தேதி எங்கள் நாட்டில் வசந்தம் பிறக்கிற நாள். சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் முறுக்கி ஒருவருக்கொருவர் மணிக்கட்டில் கட்டிவிட்டு, நல்லா இருங்க என்று சொல்லிக்கொள்வோம். பென்கா ஒரு பை நிறைய நூலோடு காலையிலேயே என் கடையில் வந்து நின்று, ரொட்டி வாங்குகிறவர்களுக்கெல்லாம் கட்டிக்கொண்டிருந்தாள். ஏழரை மணிக்குத் தலைநகரத்துப் பஸ் வந்தது. இறங்கிய ஒரே ஆள் ரோஸிட்சா. இளைத்திருந்தாள். கறுப்புக் கோட்டு, கையில் ஒரு பை, கக்கத்தில் சுருட்டிய காகிதக் கட்டு.

"அடி யாரு! ரோஸி பொண்ணா!" என்று பென்கா கத்திக்கொண்டே வெளியே ஓடி, அவள் கையைப் பிடித்து நூலைக் கட்டத் தொடங்கிவிட்டாள். "நல்லா இரு, நல்லா இரு. எங்க உன் ஆளு? அவன் இன்னும் பாடறானா? வந்ததும் கூரைக்கு ஏறச் சொல்லு, எம் பக்கத்து வயரு காத்துல படபடன்னு அடிச்சுத் தூங்க விடமாட்டேங்குது."

ரோஸிட்சா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு பென்காவைப் பார்த்தாள்.

"பென்கா, வேணும்னே கேக்கறியா?"

"என்னடி வேணும்னே?"

"இன்னிக்கு நாப்பதாம் நாள். முப்பத்தோரு பேருக்கு அனுப்பினேன். ஒருத்தர் கூட ஒரு பதில் போடல. சரி, கமென் பக்கம் சேந்துட்டீங்கன்னு நெனச்சேன். அதுக்காக மூஞ்சிக்கு நேரா இப்படிக் கேக்கணுமா?"

பென்காவின் கை நூலோடு அப்படியே நின்றது. நான் கடையைப் பூட்டக்கூட இல்லை. ரோஸிட்சாவின் பையை வாங்கிக்கொண்டு அவளோடு மூன்றாவது மாடியில் கமென் வீட்டுக்கு ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் கதவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எந்தக் கதவிலும் அவள் கணவனின் தாள் இல்லை.

கதவைத் திறந்தது கமென். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததை நான் மறக்க முடியாது.

"அண்ணி! எழுதாம கொள்ளாம... அண்ணன் கீழயா? பெட்டிய எடுத்துக்கிட்டு நிக்கறாரா? இருங்க, நான் போயி..." என்று காலில் செருப்பை மாட்டத் தொடங்கினான்.

அவன் பின்னால் வந்த நெவேனா முதலில் கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கமென்" என்றாள். "கமென், போகாத. நில்லு."

சமையலறையில் உட்கார்ந்தோம். ரோஸிட்சா கோட்டைக் கழற்றவில்லை.

"ஜனவரி இருபத்தொண்ணு, ஞாயித்துக்கிழமை. காலைல காப்பி போட்டுக்கிட்டு நின்னாரு, விழுந்துட்டாரு. இதயம். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சுது. போன் அடிச்சேன். மூணு நாள் அடிச்சேன். உங்க வீடு, பென்கா வீடு, நகராட்சி, எங்க அடிச்சாலும் லைன் போகாம ஒரே கூவல். அப்புறம் தாள் அடிச்சு, கடையில குடுத்துப் படம் எடுத்து, அவர் நோட்டுல எழுதி வச்சிருந்த நம்ம கட்டட விலாசம் அத்தனைக்கும் அனுப்பினேன். வேற என்ன எழுதறதுன்னு தெரியல. தாள்லயே எல்லாம் இருக்கேன்னு அத மட்டும் அனுப்பினேன்."

"படம் மட்டும்" என்றான் கமென்.

"ஆமா."

"எழுத்து ஒண்ணும் இல்லாம."

"என்ன எழுதணும்? சிலுவை இருக்கு, மொகம் இருக்கு, தேதி இருக்கு. எல்லாருக்கும் புரியாதா?"

அவள் காகிதக் கட்டைப் பிரித்து மேஜையில் வைத்தாள். நாற்பதாம் நாளுக்கான தாள்கள். அசென் ஏதோ ஆரஞ்சு மரத்தடியில் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே துயரத்தில் ஆழ்ந்திருப்பவர்களில் மனைவி ரோஸிட்சாவுக்கு அடுத்து, தம்பி கமென், நெவேனா என்று இருந்தது.

கமென் தன் பெயரின் மேல் விரலை வைத்தான். "அவர் போடச் சொன்னாரா?"

"அவர் எங்க சொல்ல? விழுந்தவரு ஒரு வார்த்த பேசல. நானாத்தான் போட்டேன்."

கமென் எழுந்து நிலவறைக்குப் போனான். நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே போனோம். பீப்பாயில் கை ஊன்றிக்கொண்டு அவன் விசைகளைத் தட்டினான். குழியில் விழுந்த கடிதங்கள் அழிந்துபோனாலும், என்ன விழுந்தது என்று இயந்திரம் ஒரு குறிப்பு வைத்திருக்கும். தேதி, மணி, யாரிடமிருந்து, யாருக்கு, எவ்வளவு பெரிது. ஜனவரி இருபத்துநான்கு, மாலை நான்கு மணி ஆறு நிமிஷம். வலென்சியாக் கடை. முப்பத்தொரு பேர். படம் ஒன்று. எழுத்து இல்லை. குப்பை. அவன் அதை ஒரு மாணவன் போல் சத்தமாகப் படித்தான். குழியைக் காலி செய்தது ஜனவரி இருபத்தெட்டு.

"நான்தான் தூக்கிப் போட்டேன்" என்றான்.

"நாங்க எல்லாரும் கை தூக்கினோம்" என்றேன் நான். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவன் குறிப்பை மேலே தள்ளிக்கொண்டே போனான். அந்தக் கடையின் பெயரைத் தேடுகிறான் என்று புரிந்தது. அது இன்னும் ஒரு இடத்தில் இருந்தது.

"ஜனவரி பதினஞ்சு. திங்கள். காலைல பதினொண்ணு இருபது. அதே கடை. ஒருத்தருக்கு." அவன் திரைக்கு அருகே குனிந்தான். "எனக்கு. படம் நாலு. எழுத்து இல்ல."

ரோஸிட்சா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி, என்ன படம் அது?"

"படம் இல்ல. கடுதாசி. அந்தக் கடைக் கம்ப்யூட்டர்ல நம்ம எழுத்து வராது. அதனால அங்க நம்மாளுங்க யாரா இருந்தாலும் கையால எழுதிக் கொண்டுபோயிக் குடுப்பாங்க. கடைக்காரர் படம் எடுத்து அனுப்புவாரு. நெவேனா மெயில் வந்ததுலேருந்து மூணு வாரம் ஒண்ணும் சொல்லல அவரு. ஒரு ஞாயித்துக்கிழம உக்காந்து எழுதினாரு. நாலு பக்கம்."

"என்ன எழுதினாரு?"

"நான் படிக்கல. இது எனக்கும் தம்பிக்கும் உள்ளதுன்னாரு."

கமென் அவள் முன்னால் நிற்கிற விதத்தைப் பார்க்க முடியாமல் நான் உருளைக்கிழங்குச் சாக்கைப் பார்த்தேன்.

"அந்தப் பேப்பர்?" என்று நெவேனாதான் கேட்டாள். "கையால எழுதின பேப்பரு எங்கயாச்சும் இருக்கும்ல? வீட்டுல? கடையில?"

வீட்டில் இல்லை, எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டேன் என்றாள் ரோஸிட்சா. கடையில் விட்டிருக்கலாம். நெவேனா தன் கைபேசியைக் கொடுத்தாள். நிலவறையில் சிக்னல் கிடைக்கவில்லை. முற்றத்துக்கு வந்தோம். பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ரோஸிட்சா ஸ்பானிய மொழியில் பேசினாள். எங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. கமென் அவள் வாயைப் பார்க்காமல் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, தலையை மட்டும் ஆட்டினாள். கடைசியில் நன்றி சொன்னாள். அந்தச் சொல் மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

"அவருக்கு ஞாபகம் இருக்கு. நாலு பக்கமும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்ததாம். அசென் அங்கயே விட்டுட்டு வேலைக்கு ஓடிட்டாராம். ஆனா பிறத்தியார் கடுதாசி கடையில கெடக்கக் கூடாதுன்னு சாயங்காலம் சாயங்காலம் எல்லாத்தையும் கிழிச்சுடுவாராம். கம்ப்யூட்டர்லயும் அழிச்சுடுவாராம். அப்படித்தான் பத்து வருஷமா செய்யறாராம்."

"நல்ல மனுஷன்" என்றான் கமென். முற்றத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நெவேனா அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எந்திரி" என்று மெதுவாகச் சொன்னாள். "எந்திரி கமென். கோதுமை வேக வைக்கணும். இன்னிக்கு நாப்பது."

இறந்தவர் பெயரில் கொடுக்கிற கோதுமை வேக நேரம் ஆகும். ஆளுக்கு ஒரு அடுப்பில் வைத்தோம். பென்கா அக்ரூட் உடைத்தாள். சர்க்கரையும் எலுமிச்சைத் தோலும் சேர்த்து, வறுத்த ரொட்டித் தூளைக் கலந்து, தட்டில் கொட்டிச் சமன் செய்து, மேலே பொடித்த சர்க்கரையால் சிலுவை போட்டாள் நெவேனா. அதற்குள் கமென் பசை வாளியோடு போய்விட்டான். உதவிக்கு யாரையும் விடவில்லை. முப்பத்தொரு வீட்டுக் கதவிலும், வாசலிலும், என் கடைக் கண்ணாடியிலும், தொலைபேசி நிலையத்தின் பூட்டிய கதவிலும் அண்ணன் முகத்தை ஒட்டினான். நடுப்பகலில் எல்லோரும் மேட்டுக் கல்லறைக்குப் போனோம். அசெனைப் புதைத்தது வலென்சியாவில். அதனால் அப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, சிவப்பு ஒயினை மண்ணில் ஊற்றினோம். கமென் கோதுமையைக் காகிதக் கோப்பையில் வைத்து ஒவ்வொருவருக்காக நீட்டினான். வாங்குகிறவர்கள் ஆண்டவன் அவர் பிழை பொறுக்கட்டும் என்று சொல்ல வேண்டும், அதுதான் முறை. ஒவ்வொரு முறையும் அவன், "பொறுக்கட்டும்" என்று தானும் சேர்ந்து சொன்னான். யாருக்காகச் சொல்கிறான் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் அவன் நிலவறைக்குப் போய், படக் கடிதங்களைத் தள்ளுகிற அந்த விதியை எடுத்துவிட்டான். மறுநாள் காலை எங்கள் பெட்டிகளில் கடிகாரமும் மாத்திரையும் வந்து குவிந்தன. எனக்கு எழுபது. பென்காவுக்கு நூற்றுப் பத்து. ஒருவரும் முறையிடவில்லை. பென்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் ஒவ்வொரு படமாகத் திறந்து, முழுதாகப் பார்த்து, பிறகுதான் தள்ளினாள். "ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தர் அனுப்பினதுதான" என்றாள்.

ரோஸிட்சா சனிக்கிழமை கிளம்பினாள். திங்கட்கிழமை ஆரஞ்சுக் கொட்டகையில் வேலைக்கு நிற்க வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் என்று நெவேனா சொல்லிப் பார்த்தாள். பஸ் முன்னமே வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் என் கடைச் சுவரில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். பையை உள்ளே வைத்துவிட்டு வந்த கமென், போகாமல் நின்றான்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்கு எழுதும்போது எப்படி இருந்தாரு?"

ரோஸிட்சா யோசித்தாள். "மழை பேஞ்சுது. சமையல்கட்டு மேஜைல உக்காந்திருந்தாரு. நான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். எழுதுவாரு, நிறுத்துவாரு. ஜன்னலப் பாப்பாரு. மறுபடி எழுதுவாரு."

"மொகம் எப்படி இருந்துச்சு?"

"எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது கமென்."

"பேனாவ அழுத்தி எழுதினாரா? கோவம் வந்தா அழுத்துவாரு. பேப்பரு கிழிஞ்சுடும்."

"தெரியலயே."

ஓட்டுநர் சிகரெட்டைக் காலில் நசுக்கினார். "ஏறுங்கம்மா, நேரமாச்சு."

"நடுவுல எந்திரிச்சாரா?"

"எந்திரிச்சாரு. சாப்பிட எந்திரிச்சாரு."

"சாப்ட்டாரா?" கமென் ஒரு அடி முன்னால் வந்தான். "என்ன சாப்ட்டாரு?"

"பீன்ஸ் வச்சிருந்தேன். புதினா போட்டு, நம்ம ஊரு மாதிரி."

"எவ்வளவு சாப்ட்டாரு?"

ரோஸிட்சா பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த சேறும் பனியும் மெல்ல உருகி வழிந்துகொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கணம்தான். கடை வாசலில் நின்ற நான் கவனித்தேன். கமென் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு தட்டு" என்றாள். "ரெண்டாவது தட்ட ரொட்டியால தொடச்சு சாப்ட்டாரு. அப்புறம் திரும்ப உக்காந்து எழுதினாரு."

"ரெண்டு தட்டு."

"ஆமா. ரெண்டு."

பஸ் போய்விட்டது. நதிப் பக்கத்து வளைவில் அது திரும்பும் வரை கமென் சாலையிலேயே நின்றான். பிறகு கடைக்குள் வந்தான். நான் எப்போதும் கொடுக்கிற ரொட்டியை எடுத்துக் காகிதத்தில் சுற்றினேன். அவன் அதை வாங்காமல், இரண்டு கையையும் கண்ணாடி மேடையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஸோயா, கோவமா இருக்கறவன் ரெண்டு தட்டு சாப்பிடுவானா?"

"மாட்டான்" என்றேன்.

"மாட்டான்ல?"

"ஒரு தட்டே எறங்காது, கமென்."

அவன் தலையை ஆட்டினான். ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அண்ணனின் படம் ஒட்டிய கண்ணாடிக் கதவைச் சத்தம் வராமல் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான்.